செவலைக்கு அப்பா ஊட்டிய சாக்லேட்

அன்புள்ள என் அம்மாவுக்கு,

சண்டை போட வேறு ஆள் கிடைக்காமல் உன்னிடமே வந்திருக்கிறேன். நீ போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இவ்வளவு நாள் உனக்கு ஒரு வரி எழுதத் தோன்றவில்லை. எழுதினால் அழுகை வரும், அழுதால் தலைவலி வரும், மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள், "டீச்சர், கண்ணு ஏன் வீங்கியிருக்கு?" என்று கேட்கும். அதற்குப் பயந்தே தள்ளிப்போட்டேன். இப்போது எழுத வைத்தது அழுகை இல்லை, கோபம்.

நம் செவலை செத்துப்போனான், அம்மா. உனக்கு அங்கே சேதி வந்ததோ என்னவோ. உசிலம்பட்டிச் சித்தியைக் கேட்டால், உன் உடன்பிறந்தவள் ஆயிற்றே, நீதான் வந்து கூட்டிக்கொண்டு போனாய் என்கிறாள். அப்பாவைக் கேட்டால், தன் கையாலேயே கொன்றுவிட்டதாகச் சொல்கிறார். இரண்டும் முழுதாக உண்மை இல்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைப் போடப்போகிறேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு கோபித்துக்கொள்ளாதே.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். செவலை ஒன்றும் விலை கொடுத்து வாங்கிய நாய் இல்லை. வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பின்னால் நம் தெருமுனையில் மழைக்கு ஒதுங்கி நின்ற குட்டி. செம்மண் நிறத்தில் இருந்ததால் செவலை. நீ அதைக் காய்கறிப் பையில் போட்டுத் தூக்கி வந்தாய். அப்பா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இது வீட்டுக்குள்ள வந்துச்சு, நான் வெளிய போயிருவேன் பாத்துக்க" என்றார்.

"போயிட்டு வாங்க. சாப்பாட்டுக்கு வந்துருவீகள்ல?" என்று சொல்லிவிட்டு, நீ உள்ளே போய் அதற்குப் பால் காய்ச்சினாய். அப்பா வெளியே போகவும் இல்லை, நீ இருந்தவரை அந்த நாயைத் தொடவும் இல்லை. அது அவர் நாற்காலிக்கு அடியில் படுத்தால் காலை மட்டும் தூக்கிக்கொள்வார்.

நீ ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பாமலே போன அந்த வாரம், செவலை சோற்றை மோந்துகூடப் பார்க்கவில்லை. அப்பாவும் அப்படித்தான் இருந்தார். தம்பி பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். நான் இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு வேளாவேளைக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டுபோவதும், அதை அப்படியே திருப்பிக் கொண்டுவருவதுமாக இருந்தேன். ஒரு மத்தியானம் போனபோது அப்பா அடுப்படித் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே செவலை. தான் ஒரு வாய், அவனுக்கு ஒரு வாய்.

"அவன் தின்னா நான் திங்கிறேன்னு பேசி வச்சிருக்கோம்" என்றார், என்னை நிமிர்ந்து பார்க்காமல்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒரே ஆள் ஆகிவிட்டார்கள். விடிந்ததும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடை, பிறகு டீக்கடை, அவருக்கு டீ, அவனுக்குப் பொறை ரொட்டி. உன்னிடம் கல்யாணமான நாள் முதல் பேசியதைவிட அவனிடம் இந்த ஒரு வருஷத்தில் அதிகம் பேசினார் என்று நினைக்கிறேன். பேச்செல்லாம் உன்னைப் பற்றித்தான். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மகளிடம் சொல்லாததை நாயிடம் சொல்கிறாரே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் அவர் பிழைத்துக்கொண்டார், அது போதும் என்று இருந்தது.

இப்போது சண்டைக்கு வருகிறேன்.

அவன் தீனி விஷயத்தில் நீ வைத்ததுதான் சட்டம். என் மகள் தன் பிறந்தநாளுக்குச் செவலைக்கு ஒரு சாக்லேட் துண்டை நீட்டியபோது, அவள் கையைத் தட்டிவிட்டாயே, ஞாபகம் இருக்கிறதா? "நாய்க்கு இனிப்பு குடுத்தா முடி கொட்டும்டி, சொறி புடிக்கும், வகுத்துல பூச்சி வைக்கும்" என்றாய். தெருவில் எல்லோரும் சொல்வதைத்தான் நீயும் சொன்னாய். சாக்லேட் நாய்க்கு ஆகாது என்பது உனக்குத் தெரிந்திருந்தது. ஏன் ஆகாது என்பதுதான் தெரியவில்லை. அதில் இருக்கிற சர்க்கரைதான் கெடுதல் என்று நீயாக முடிவு செய்தாய், எங்களையும் அப்படியே நம்ப வைத்தாய்.

பிறகு உனக்கே சுகர் வந்தது. தம்பி ஊருக்கு வரும்போதெல்லாம் சர்க்கரை சேர்க்காத சாக்லேட் வாங்கிவந்தான். முதல் தடவை அதைத் தின்றுவிட்டு, விரலில் ஒட்டியிருந்ததைச் செவலைக்கு நக்கக் கொடுத்தாய். நான் பதறினேன்.

"இதுலதான் சர்க்கரை இல்லையேடி. எனக்கு ஆகுறது அவனுக்கும் ஆகும்" என்றாய்.

அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதோடு நம் வீட்டில் அது தீர்ந்துபோன விஷயம் ஆகிவிட்டது. அப்பா அப்போது பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எதையும் காதில் வாங்காத மாதிரி இருப்பாரே தவிர, நீ சொன்ன எதையும் அவர் விட்டதில்லை.

உன் முதல் வருஷப் படையலுக்குச் சித்தி முந்தின நாளே வந்துவிட்டாள். வடை, பாயசம், உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. தம்பி சாக்லேட் கொண்டுவந்தான். நீ வழக்கமாகத் தின்றது கிடைக்கவில்லையாம், வேறு ஒன்று. கன்னங்கரேலென்று பெரிய கட்டி. "இதுவும் சுகர் ஃப்ரீதான், கசப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கும். அம்மா இருந்தா இதத்தான் கேப்பாக" என்றான். அதையும் பிரித்து உன் படத்துக்கு முன்னால் இலையில் வைத்தோம்.

சாம்பிராணி போட்டுக் கும்பிட்டு முடித்ததும், காக்காய்க்கு வைக்கிற சின்ன இலையை அப்பா மாடிக்குக் கொண்டுபோனார். சோறு, பருப்பு, ஒரு வடை, சாக்லேட்டில் ஒரு துண்டு. காக்காய் எடுக்காமல் யாரும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது சித்தியின் கட்டளை. பக்கத்து மனையில் காங்கிரீட் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு காக்காய் எங்கே வரும்? அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கட்டைச்சுவர் ஓரமாக நின்று, "கா... கா..." என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கோயிலுக்குக் கூப்பிட்டால் வாசலில் செருப்புக்குக் காவல் நிற்பேன் என்கிற மனிதர். குரல் போகப் போகக் கம்மிவிட்டது. நீ வரமாட்டேன் என்கிறாய் என்று அவர் நினைக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. கீழே போய்விடலாமா என்று நினைத்தேன், பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் செவலை படியேறி வந்தான். இலையை மோந்தான். சோற்றை விட்டான், வடையை விட்டான். சாக்லேட்டை எடுத்துத் தின்றான்.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அம்மா, அந்த முகத்தை நான் என்ன சொல்வேன்? நீ போனபிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பாத்தியா? உங்கம்மாதான். அவளுக்குப் புடிச்சத மட்டும் எடுத்துக்கிட்டா பாரு" என்றார்.

அப்படியே கீழே வந்து, உன் படத்துக்கு முன்னால் இருந்த அந்தக் கட்டியை எடுத்து, ஒவ்வொரு துண்டாக உடைத்து அவனுக்கு ஊட்டினார். "சாப்புடு, சாப்புடு... ஒரு வருசமாச்சு" என்று சொல்லிச் சொல்லி ஊட்டினார். சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா, நாய்க்கு சாக்லேட் ஆகாதுல்ல?" என்று நான் கேட்டேன்தான். "சர்க்கரை இல்லாதது ஆகும்டி. உங்கம்மாவே குடுத்திருக்காளே" என்றார். வேறு என்ன கேட்பது? எனக்கும் அதுதானே தெரியும்.

முப்பது வருஷம் லைன்மேன் வேலை பார்த்தவர். கம்பத்தில் கரண்ட் நிறுத்தியாகிவிட்டது என்று ஆபீஸில் சொன்னாலும், தான் ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் ஒயரைத் தொடமாட்டார். கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். அந்த மனிதர் அன்றைக்கு ஒரு உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நீ சொல்லியிருந்தாய் அல்லவா, அவருக்கு அதற்கு மேல் என்ன சோதனை வேண்டும்?

நாங்கள் சாப்பிட்டு எழுந்தபோது செவலை கொல்லையில் வாந்தி எடுத்திருந்தான். வயிறு முட்டத் தின்றுவிட்டான் என்று தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டோம். கொஞ்ச நேரத்தில் அவன் தானாக உள்ளே வந்து உன் படத்துக்கு முன்னால் நின்றான். நின்றவன் ஆடினான். பின்னங்கால் இரண்டும் விலகி விலகிப் போயின, தலை தொங்கியது, கண் எங்கோ பார்த்தது. சித்தி கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கக்கா வந்துட்டாடி! ஏய், எங்கக்கா வந்து இறங்கியிருக்காடி!"

சாமியாடுகிறவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி கை கூப்பி நின்றாள். தம்பி சூடத்தைத் தேடி எடுத்தான். பெங்களூரில் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற தம்பிதான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அங்கேதான் நின்றேன். நீ ஏதாவது சொல்வாயோ என்று அந்த நாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "என்னக்கா வேணும், சொல்லு, என்ன குறை வச்சோம்?" என்று சித்தி கேட்டுக்கொண்டிருந்தாள். சூடம் எரிந்தது. அந்த நேரம் முழுக்க அவன் உடம்பில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை.

அதை நிறுத்தியவர் அப்பா. கை கழுவிவிட்டு உள்ளே வந்தவர் ஒரு நிமிஷம் பார்த்தார். "நகருங்க எல்லாரும்" என்று ஒரு சத்தம் போட்டார். குனிந்து அவனைப் பிடித்தார். அவன் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"இது அவ வந்து இறங்குனது இல்லடி. அவளுக்கு வருமே லோ சுகரு, அதுடி இது. இப்படித்தான் ஆடுவா, இப்படித்தான் கண்ணு போகும். சீனியக் கரைச்சுக் கொண்டா, ஓடு!"

உனக்கு எத்தனை தடவை அவர் அப்படி ஓடியிருப்பார்? உன் தலையை மடியில் வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவாரே, அதேபோல அவன் வாயைத் திறந்து ஈறில் தடவினார். ஒரு பக்கம் உன்னைச் சித்தி அவனிடத்தில் பார்த்தாள், இன்னொரு பக்கம் அப்பாவும் உன்னைத்தான் பார்த்தார். அவர் பார்த்தது சரியாக இருந்தது.

ஆட்டோவில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். போகிற வழியிலேயே அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. அப்பா மடியில் அவன் விறைத்து விறைத்து அடங்கினான். டாக்டரம்மா என் வயசுக்காரர்தான். ஊசி போட்டுக்கொண்டே, "என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார். சொன்னோம்.

"சுகர் ஃப்ரீதான் டாக்டர். அது ஒன்னும் செய்யாதுல்ல?" என்றேன்.

அவர் கை ஒரு நொடி நின்றது. "அட்டை இருக்கா? பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்."

வீட்டில் இருந்த தம்பிக்குப் போன் செய்து வாசிக்கச் சொன்னேன். பொடி எழுத்தில் இருந்ததை அவன் ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தான். சைலிட்டால் என்று வந்ததும் டாக்டர் போதும் என்று கையைக் காட்டினார்.

அவர் சொன்னதை உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நாய் வளர்க்கிற யார் படித்தாலும் நின்று படியுங்கள். சாக்லேட் நாய்க்கு ஆகாததற்குக் காரணம் சர்க்கரை இல்லையாம். சாக்லேட் செய்கிற கொக்கோ கொட்டையிலேயே ஒரு சத்து இருக்கிறது. நமக்கு அது சுறுசுறுப்பு, நாயின் உடம்பால் அதைச் சீக்கிரம் கழிக்க முடியாது, இதயத்தைப் போட்டு விரட்டும். எவ்வளவு கறுப்போ, எவ்வளவு கசப்போ, அவ்வளவு விஷம். சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற இந்தச் சைலிட்டால் அதைவிட மோசம். மனிதருக்கு அதனால் சர்க்கரை அவ்வளவாக ஏறாது, அதனால்தான் சுகர்காரர்களுக்கு நல்லது என்று விற்கிறார்கள். நாயின் உடம்போ அதை நிஜச் சர்க்கரை என்று ஏமாந்து, இன்சுலினைக் கொட்டோ கொட்டென்று கொட்டிவிடுமாம். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரை அடியோடு விழுந்துவிடும். அதைத் தாண்டிப் பிழைத்தாலும் ஈரலைத் தின்றுவிடும்.

"எங்கம்மா முன்னாடி கொஞ்சம் குடுத்திருக்காங்க, ஒன்னும் ஆகலையே?" என்று கேட்டேன்.

"எல்லா சுகர் ஃப்ரீயும் ஒன்னு இல்லங்க. அதுல வேற ஏதாவது போட்டிருப்பாங்க. விரல்ல ஒட்டுனதுதானே, அதுவும் ஒரு காரணம். ஆனா, ஒரு தடவை ஒன்னும் ஆகலைங்கிறத வச்சு நம்புனா இப்படித்தான் மாட்டிக்குவோம்" என்றார். நாய்க்கென்றே சாக்லேட் மாதிரி பிஸ்கட் வருகிறதாம், வேறு ஒரு மரத்துக் காய்ப்பொடியில் செய்வது, அதில் கொக்கோ கிடையாது, அது பரவாயில்லை என்றார். அதையும் பின்னால் திருப்பி, இந்தச் சைலிட்டால் இருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டுமாம். நிலக்கடலை வெண்ணெய், சூயிங்கம், பற்பசை என்று எதில் வேண்டுமானாலும் அது இருக்கும் என்றார். தின்றுவிட்டது என்று தெரிந்தால் வாந்தி வரட்டும், ஆட்டம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அந்த நிமிஷமே தூக்கிக்கொண்டு ஓடிவர வேண்டும். நாங்கள் சூடம் காட்டிக்கொண்டிருந்தோம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அப்பாவிடம், "சீனித்தண்ணி தடவுனது நல்ல காரியம் சார். அதாலதான் இங்க வரைக்கும் உயிரோட வந்திருக்கான்" என்றார். பிறகு கேட்டார், "ஆமா, சுகர் ஃப்ரீ குடுக்கலாம்னு யார் சொன்னா?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார்.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

குளுக்கோஸ் ஏறியது. சாயங்காலம் செவலை எழுந்து நின்றான், வாலை ஆட்டினான், அப்பா கையை நக்கினான். பிழைத்துவிட்டான் என்று நான் தம்பியிடம் போனில் கத்தினேன். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை, ஈரல் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம் என்றார். மறுநாள் அவன் கண்ணின் வெள்ளை மஞ்சளாகியது. அதற்கு மறுநாள் ரத்தமாக வாந்தி எடுத்தான். அப்பா கிளினிக் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார், வீட்டுக்கு வரச்சொன்னால், "நீ போ, நான் வாரேன்" என்பார், வரமாட்டார். அன்று மத்தியானம், அவர் கை அவன் நெற்றியில் இருக்கும்போதே போய்விட்டான். நிம்மதியாகப் போனான் என்று உனக்கு எழுத ஆசை. அப்படிப் போகவில்லை, அம்மா. துடித்துத்தான் போனான்.

உன்னைக் கொண்டுபோனது சர்க்கரை. அவனைக் கொண்டுபோனது சர்க்கரை இல்லாதது. இதை யாரிடம் சொல்லி நான் நியாயம் கேட்பது?

சித்தி தன் தோட்டத்தில் இடம் கொடுத்தாள். உசிலம்பட்டிக்குக் காரில் கொண்டுபோய், கிணற்றுமேட்டுக்குப் பக்கத்தில் குழி எடுத்தோம். மண்ணை மூடியபிறகு சித்தி அப்பாவுக்கு ஆறுதல் சொன்னாள்.

"விடுங்க மச்சான். அக்கா தனியா கெடக்க மாட்டாம, வந்து கூட்டிக்கிட்டுப் போயிருச்சு. நீங்க என்ன பண்ணுவீக?"

அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். அப்பாவும் அதைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று நானே மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். பொய்யாக இருந்தால் என்ன, அவர் கரையேறினால் போதாதா?

அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார். "ஒங்கக்காவ நீ அம்புட்டுத்தான் பாத்திருக்கியா? தண்ணிக்குள்ள எறும்பு கெடந்தா விரல விட்டு எடுத்து விடுறவ. அவ வந்து, இவன இப்படி ரத்தமாக் கக்க வச்சா கூட்டிக்கிட்டுப் போவா? செஞ்சது நானு. அவ மேல போடாத."

சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். வண்டி மதுரை வந்து சேரும்வரை அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

இப்போதைய சேதியைக் கேள். அப்பா நடப்பதில்லை, டீக்கடைக்கும் போவதில்லை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவர் யாருக்கும் தன் கையால் எதுவும் கொடுப்பதில்லை, அம்மா. என் மகளுக்கு அவர் பிசைந்து ஊட்டினால்தான் பருப்புச்சோறு இறங்கும். போன வாரம் தட்டோடு போய் அவர் மடியில் உட்கார்ந்தாள். அவர் தட்டை வாங்கினார், பிசைந்தார், ஒரு கவளம் எடுத்தார். கை அந்தரத்தில் நின்றது. பிறகு அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு, "அம்மாகிட்டப் போத்தா, தாத்தாவுக்குக் கை வலிக்கிது" என்றார். அவள் என்னிடம் வந்து, "தாத்தாவுக்கு என்னைப் புடிக்கலையா?" என்று கேட்கிறாள்.

அன்றைக்கே அவரிடம் போய் நின்றேன். "அம்மா சொன்னதுதானப்பா. அம்மாவே அவனுக்குக் குடுத்தாக, நான் பக்கத்துல நின்னேன், நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீக" என்றேன்.

"அவ அப்படிச் சொல்லல. நீ தப்பா ஞாபகம் வச்சிருக்க."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குப்பா."

எழுந்துவிட்டார். என்னை வாழ்நாளில் ஒரு அடி அடித்ததில்லை, அதட்டியதில்லை. "செத்துப்போனவ மேல பழி போடாதடி! எந்திரிச்சுப் போ!" என்றார். நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தெருவெல்லாம் பார்க்க அழுதுகொண்டே வந்தேன், அந்த மானக்கேட்டுக்கும் நீதான் காரணம்.

அப்பா உன்னைக் காப்பாற்றுகிறார், அம்மா. டாக்டரிடம், சித்தியிடம், என்னிடம், எல்லோரிடமும் காப்பாற்றுகிறார். நீ எதுவும் சொல்லவில்லை, நீ எதுவும் செய்யவில்லை, எல்லாம் தான் செய்ததே என்கிறார். உன் பெயரில் ஒரு தூசி படக்கூடாது. அதற்காக முழுப் பாரத்தையும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒரு கவளம் சோற்றைக்கூட ஒரு குழந்தைக்கு நீட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எழுபது வயசு. எவ்வளவு நாள் தாங்குவார்?

நீ இருந்திருந்தால் இது ஒரு வேளைக்குமேல் நீடித்திருக்காது. "ஆமா, நான்தான் சொன்னேன். எனக்கு என்ன தெரியும், நான் என்ன டாக்டருக்கா படிச்சேன்? தெரியாம சொன்னேன், தெரியாம குடுத்தீக, ரெண்டு பேருந்தான் அழுகணும். இப்ப எந்திரிச்சுச் சோத்தத் தின்னுங்க" என்று ஒரு போடு போட்டிருப்பாய். அவரும் முனகிக்கொண்டே எழுந்து வந்திருப்பார். நீ செய்த தப்பை ஒருநாளும் நீ மறைத்ததில்லை. குழம்பில் உப்பு கூடிப்போனால்கூட, பரிமாறும் முன்னாலேயே சொல்லிவிடுகிறவள். அதைச் சொல்ல இன்றைக்கு நீ இல்லையே என்பதுதான் உன்மேல் எனக்கு இருக்கிற கோபமெல்லாம். வேறு கோபம் ஒன்றும் இல்லை என்று இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

அதனால் உன் சார்பில் நான் சொல்லப்போகிறேன். ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போகிறேன். முதல் வரியிலிருந்து கடைசி வரை அவருக்கு வாசித்துக் காட்டுவேன். கத்துவார், கத்தட்டும். போ என்பார், போகமாட்டேன். இதில் பாதி உங்களுடையது, பாதி அம்மாவுடையது என்று சொல்வேன். உனக்கு வலிக்கும், தெரியும். நீ தாங்குவாய். அவரால் முடியவில்லை. என் மகள் அவர் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்கிறவரை அந்த வீட்டை விட்டு நான் நகரமாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

உன் பங்கை உன்னிடமே திருப்பிக் கொண்டுவந்து போடுகிற,
உன் மூத்த மகள்
வேணி